தேவனாம்பட்டினத்து ஈரத்தோடு நான்கு வருடம்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. உப்பு ஜாடியில் நீர் கோப்பதும், பிரித்த முறுக்கு அரை மணியில் நமுத்துப்போவதும் பழகிய சங்கதிகள். 2020 ஐப்பசி அடைமழையில் கேமரா லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது.

முதலில் ஈரத்தை இழுக்கும் சிலிகா ஜெல் மணிகள் ஒரு கிலோ வாங்கினேன். ஈரம் ஏறியதை நீல மணிகளில் நிறம் மாறிக் காட்டுவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சு; அதனால் ஆரஞ்சு மணிகள். 200 கிராமைத் துணிப்பையில் கட்டி பீரோவில் தொங்கவிட்டேன். நான்கே நாளில் மணிகள் பச்சையாகிவிட்டன. நிறுத்துப் பார்த்தால் 252 கிராம்! அந்த 52 கிராமும் காற்றில் இருந்த தண்ணீர். ஆனால் கையில் உருட்டினால் மணி காய்ந்தே இருக்கிறது. ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். ஈரம் அங்கே ஒட்டிக்கொள்கிறது.

நான்கே நாளில் நிரம்பியதற்குக் குற்றம் மணிகள் மேல் இல்லை. என் பீரோவின் கதவிடுக்கில் விரல் நுழையும். ஊர்க்காற்றையெல்லாம் உலர்த்து என்றால் அது என்ன செய்யும்? ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான டப்பாவுக்கு மாற்றினேன். ஈரப்பதமானி வெளியே 84 சதவீதம் காட்டும் நாளிலும் டப்பாவுக்குள் 42 தான். பச்சையானால் மணிகளை ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்குவேன், நிறம் திரும்பிவிடும். அவசரப்பட்டு 180 வைத்த ஒரு தவணை பழுப்பாகிப் பாழானது. மற்றபடி இன்றும் அதே மணிகள்தான்.

பீரோவுக்குக் கால்சியம் குளோரைடு என்ற உப்பு நிரப்பிய டப்பா வாங்கினேன். இது ஈரத்தை இழுத்து இழுத்துத் தானே கரைந்து அடித்தட்டில் நீராக நிற்கும். கார்த்திகையில் மூன்று வாரம் வரும். மேல்காற்று அடிக்கும் ஆனியில் இரண்டு மாதம் தாங்கும். உழைப்பில் குறையில்லை, சாய்ந்தால்தான் வினை. ஒருமுறை அம்மாவின் பட்டுப்புடவை முந்தானையில் கொட்டிவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்தால், மறுநாள் அந்த இடம் மட்டும் மறுபடியும் ஈரம். துணியில் தங்கிய உப்பு காற்றிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகே அடங்கியது. அதற்குள் சரிகை கறுத்துவிட்டது.

அன்றிலிருந்து அம்மா பீரோவில் தன் தட்டில் அந்துருண்டை தவிர வேறெதையும் வைக்க விடுவதில்லை. அந்துருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்தை இழுக்காது என்று சொன்னால், "கொட்டாதில்லையா?" என்கிறார்.