முதல் கவிதைப் புத்தகம்: கொழும்பிலயா, சென்னையிலயா?

தெரிஞ்ச தங்கச்சி ஒருத்தி தன்ட முதல் தொகுப்பை எங்க போடலாம் எண்டு கேட்டவ. வழமையான கவிதை இல்ல, ஒரு பக்கத்தில நடுவில ஒரே ஒரு சொல், அடுத்த பக்கத்தில வரியெல்லாம் படி மாதிரி இறங்கிப் போகுது, இன்னொண்டு முழுக்க பஸ் டிக்கெட் வடிவத்தில. இப்பிடியான புத்தகத்துக்கு நான் கொழும்புதான் எண்டு சொல்லுவன்.

ஏனெண்டா இதில இடைவெளியும் கவிதைதான். பிறஸ்ல லேஅவுட் செய்யிறவருக்குப் பக்கத்தில இருந்து "அண்ணை, இந்த வரிய இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளுங்கோ" எண்டு சொல்லி அங்கயே சரிபாக்கலாம். எங்கட ஆக்கள் கனபேர் இன்னும் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவிலதான் டைப் பண்றது, அதை யூனிகோடுக்கு மாத்தி மெயில்ல அனுப்பேக்க எல்லாம் குழம்பிடும், என்ட கவிதை ஒண்டு சென்னையில அச்சாகி வரேக்க படி மாதிரி இருந்த ஏழு வரியும் இடப்பக்கம் ஒட்டி நேரா நிண்டுது, பாக்க அழுகையே வந்திட்டு. புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் எண்ணை கொழும்பு 7ல தேசிய நூலக சபையில எடுக்கலாம், வெளியீட்டு விழா வைக்க வெள்ளவத்தையில தமிழ்ச் சங்கம் இருக்கு.

ஆனா செலவு முழுக்க எங்கட கையாலதான், வித்துக் குடுக்கவும் ஆள் இல்ல. அதில சென்னை பெரிசு. நல்ல பதிப்பகம் எடுத்தா ஜனவரி புத்தகக் கண்காட்சியில முன்பின் தெரியாத ஒருத்தர் கையில எடுத்துப் புரட்டுவார், முதல் புத்தகத்துக்கு அது சின்ன விசயமில்ல. என்ன, அங்க அச்சான கொப்பிய இங்க இறக்க காசு கனக்க போகும்.

எங்க குடுத்தாலும் புத்தக சைஸிலயே பேப்பர் புரூப் ஒண்டு, அதாவது அச்சுக்கு முன்னம் சரிபாக்கிற மாதிரிப் பிரதி, கேட்டு வாங்குங்கோ.