துண்டறிக்கைகளை அட்டவணையிட டிராப்பி: சில ஆண்டுப் பழக்கத்துக்குப் பின்

பினாங்கில் நண்பர்கள் சேர்த்துவைத்த எதிர்ப்புத் தாள்களைச் சில ஆண்டுகளாக டிராப்பி (Tropy) என்ற, ஆவணப் படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருளில் பதிந்துவருகிறோம். சுயமரியாதை இயக்கக் காலத்து நோட்டீசுகள், மலேசியாவின் 1998 ரிஃபோர்மாசி அரசியல் சீர்திருத்தப் போராட்டம், மலேசிய இந்தியர் உரிமை கேட்ட 2007 ஹிண்ட்ராஃப் பேரணி ஆகியவற்றின் தாள்கள், பங்க் இசை இளைஞர்கள் தாங்களே அச்சடித்த ஸைன்கள் (சிற்றிதழ்கள்) எல்லாம் கலந்து கிடக்கின்றன. பல, லோரோங் கூலிட் சந்தையில் பழைய பேப்பர் கட்டோடு வந்தவை.

நூலக மென்பொருளே போதாதா என்று கேட்பார்கள். அது எடுத்ததும் ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு என்று கேட்கும். மலேசியாவின் 1984 அச்சகச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வெளியீட்டில் இருக்க வேண்டும். இரவோடு இரவாகப் போட்டோஸ்டேட் எடுத்த தாளில் அதையெல்லாம் யார் போடுவார்?

டிராப்பி இலவசம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2017-இல் வெளிவந்தது. ஒரு தாளின் முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு எல்லாவற்றையும் படமெடுத்து ஒரே உருப்படியாகக் கட்டிவைக்கலாம். வார்ப்புருவையும், அதாவது எந்தெந்தத் தகவலைப் பதிய வேண்டும் என்ற புலங்களின் பட்டியலையும், நாமே அமைத்துக்கொள்ளலாம். காகிதம், அச்சு முறை, கைக்கு வந்த வழி என்று எங்களுக்கு வேண்டியதைச் சேர்த்தோம். அச்சகம் இல்லையென்றால் ‘குறிப்பிடவில்லை’ என்று எழுதுகிறோம். வெற்றாக விடுவதில்லை, பெயர் போடாததே ஒரு தகவல்தானே.

எனக்கு மிகவும் பிடித்தது தேதிப் புலம். ‘சுக்கில வருடம் மார்கழி’ என்றிருந்தால் 1929 டிசம்பர் நடுவிலிருந்து 1930 ஜனவரி நடு வரை. பெரியார் முதன்முதலாகப் பினாங்கு வழியாக மலாயாவுக்கு வந்ததும் அந்த டிசம்பரில்தான். ஆனால் அறுபது ஆண்டுச் சுற்றில் 1989-ம் சுக்கிலமே. காகிதத்தையும் அச்சையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தேதியே இல்லாத தாளில் எழுத்து வடிவம் துப்புக் கொடுக்கும். ணா, றா, லை போன்றவற்றின் சீர்திருத்த வடிவங்களைப் பெரியாரின் குடியரசு ஏடு 1935-இலேயே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு ஏற்றது 1978-இல். இடைப்பட்ட காலத்துத் தாளாகத் தெரிந்து, அதில் புது வடிவம் இருந்தால் சுயமரியாதைக்காரர் கை என்று சந்தேகிக்கலாம், அவ்வளவுதான். டிராப்பியில் ‘1935/1978’ என்று இடைவெளியாகவோ ‘1938~’ என்று தோராயமாகவோ பதியலாம். பொய்யாக ஓர் ஆண்டைத் திணிக்க வேண்டியதில்லை.

சங்கடங்களும் உண்டு. படங்களை நகலெடுக்காமல் இணைக்கும் வகைத் திட்டத்தில், படம் இருக்கும் இடத்தைத்தான் டிராப்பி நினைவில் வைத்திருக்கும். கோப்புறையை மாற்றினால் தொடர்பு அறுந்துவிடும், மறுபடி இணைக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே திட்டத்தில் வேலை செய்ய அது ஏற்றதல்ல, அதனால் முறைவைத்துக்கொண்டோம். பழைய தமிழ் எழுத்தைத் தானாக வாசிக்கும் கருவிகள் தடுமாறுகின்றன. நாமே தட்டச்சு செய்தாக வேண்டும்.

தாள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் பிவிசி உறைகள் வேண்டவே வேண்டாம், போட்டோஸ்டேட் மை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மைலார் (பாலியெஸ்டர்) உறை விலை கூடத்தான், ஆனாலும் வாங்குங்கள். பினாங்கு ஈரத்துக்கு ஸ்டேப்பிள் பின் துருப்பிடிக்கும், முதலில் அதைக் கழற்றுங்கள்.

அப்புறம், முகவரி. ஸைன்களைத் தபாலில் பரிமாறிக்கொண்ட காலத்தில் பையன்கள் வீட்டு முகவரியையே அச்சடித்தார்கள். அதில் ஒருவர், “அண்ணே, அம்மா இன்னும் அதே வீட்லதான் இருக்காங்க, கொஞ்சம் மறைச்சிடுங்க” என்றார். முகவரிக்குத் தனிப் புலம் வைத்து, வெளியே அனுப்பும் அட்டவணையின் வார்ப்புருவில் அதைச் சேர்க்காமல் விட்டோம். படத்தில் தெரியும் முகவரியைத்தான் ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துக்கொண்டிருக்கிறோம்.