பி.டி.எச். எகிறினால் எது சரி: கால்சிட்ரியாலா, சினகால்செட்டா, ஆபரேஷனா?

டயாலிசிஸில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேர். இருவருக்குமே பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 800. ஒருவருக்குக் கால்சியம் 8.1, அதாவது குறைவு; இன்னொருவருக்கு 10.4, அதாவது அதிகம். "அவருக்குக் கொடுத்த மாத்திரையை எனக்கு ஏன் எழுதவில்லை, ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதானே?" என்று இரண்டாமவர் கேட்டால் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் முதலாமவருக்கு நல்லது செய்யும் அதே மாத்திரை இவருடைய ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிய வழி செய்துவிடலாம். பி.டி.எச். என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மருந்து தேடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குளறுபடி. பக்கத்தில் இருக்கும் கால்சியமும் பாஸ்பரஸும் என்ன சொல்கின்றன என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலிலோ உணவிலோ கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே வேலைக்கு ஆகாது. கல்லீரலில் ஒரு மாற்றம், பிறகு சிறுநீரகத்தில் கடைசி மாற்றம், அதன் பிறகுதான் அது கால்சிட்ரியால். அந்தக் கடைசி வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் காட்டினார்கள். சிறுநீரகம் தளரும்போது பாஸ்பரஸ் தேங்கப் பார்க்கிறது, உடனே எலும்பு எஃப்.ஜி.எஃப்.-23 என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளுகிறது, கூடவே கால்சிட்ரியால் தயாரிப்பையும் குறைத்துவிடுகிறது. குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவது குறைய, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் பி.டி.எச். ஹார்மோனைக் கொட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கின்றன. வருடக்கணக்கில் இப்படியே ஓடினால் சுரப்பிகள் பெருத்து, உள்ளே முடிச்சு விழுந்து, மருந்தின் பேச்சைக் கேட்காத நிலைக்குப் போய்விடுகின்றன.

சரி, இனி மருந்துகள்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த 60,000 யூனிட் பாக்கெட், அதாவது சாதாரண வைட்டமின் டி. விலை குறைவு, ரத்தத்தில் வைட்டமின் டி அளவு குறைந்திருந்தால் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் டயாலிசிஸுக்கு வந்துவிட்டவருக்கு இது பி.டி.எச்.-ஐப் பெரிதாக இறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், கடைசி மாற்றத்தைச் செய்ய வேண்டிய சிறுநீரகமே படுத்திருக்கிறதே. "வைட்டமின்தானே, என்ன ஆகிவிடும்" என்று டாக்டரிடம் கேட்காமல் வாரம் ஒன்றாக மாதக்கணக்கில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அடுத்து கால்சிட்ரியால், அதன் தம்பி ஆல்ஃபாகால்சிடால். சிறுநீரகத்தின் வேலையை முடித்தே கொடுக்கும் மருந்துகள் இவை (ஆல்ஃபாகால்சிடாலுக்குக் கல்லீரலின் உதவி மட்டும் போதும்). பி.டி.எச். நன்றாக இறங்கும். இதற்குக் கொடுக்கும் விலை, குடல் கால்சியத்தை மட்டுமல்ல, பாஸ்பரஸையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் என்பது. கால்சியம் 8.1, பாஸ்பரஸ் கட்டுக்குள் என்று இருக்கும் அந்த முதல் ஆளுக்குக் கச்சிதம். 10.4 ஆளுக்கு வேண்டாம்.

கால்சியத்தை அவ்வளவாக ஏற்றாது என்று சொல்லி வந்தது பாரிகால்சிடால். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் கால்சிட்ரியால் எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களின் இறப்பு விகிதம் 16 சதவீதம் குறைவு என்று தெரிந்ததும் ஒரே பரபரப்பு. ஆனால் அது ஆவணங்களைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. 2012இல் வந்த பிரிமோ சோதனை டயாலிசிஸுக்குப் போகாத 227 பேரைப் பிரித்து 48 வாரம் பார்த்தது. இதயத் தசைத் தடிப்பில் எந்த வித்தியாசமும் இல்லை, கால்சியம் மேலே போனவர்கள் மட்டும் பாரிகால்சிடால் பக்கம் 22.6 சதவீதம், வெற்று மாத்திரை பக்கம் 0.9. ஜப்பானில் டயாலிசிஸ் நோயாளிகள் 976 பேரிடம் ஆல்ஃபாகால்சிடாலைச் சோதித்த ஜே-டேவிட் ஆய்விலும் (2018) இதயப் பிரச்சினைகள் குறையவில்லை. அதனால்தான் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2017 வழிகாட்டி, டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் இந்த வகை மருந்துகளை வழக்கமாகக் கொடுக்காதீர்கள், சிறுநீரக நோயின் நான்கு, ஐந்தாம் நிலையில் பி.டி.எச். கடுமையாகி ஏறிக்கொண்டே போனால் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. என் கணக்கில், பாரிகால்சிடாலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும் அளவுக்குச் சான்று தேறவில்லை.

சினகால்செட்டின் வழியே வேறு. பாராதைராய்டு சுரப்பியின் மேல் கால்சியத்தை மோப்பம் பிடிக்கும் ஓர் உணரி இருக்கிறது, 1993இல் அடையாளம் கண்டது. இந்த மாத்திரை அந்த உணரியைக் கூர்மையாக்கி, "கால்சியம் போதுமான அளவு இருக்கிறது" என்று சுரப்பியை நம்பவைத்துவிடும். பி.டி.எச்.-உம் இறங்கும், கால்சியமும் இறங்கும். ஆகவே 10.4 ஆளுக்கு இதுதான் மருந்து. 8.4க்குக் கீழே இருப்பவருக்கு ஆரம்பிக்கவே கூடாது. தசை இழுப்பு, வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு வரைக்கும் போகலாம். டயாலிசிஸுக்கு இன்னும் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கும் இது கிடையாது. பெரிய தொல்லை குமட்டல். சாப்பாட்டோடு போட்டால் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் பாதியில் நிறுத்துபவர்கள் நிறையப் பேர், நிறுத்தியதை டாக்டரிடம் சொல்வதும் இல்லை, அடுத்த ரிப்போர்ட்டில் பி.டி.எச். ஏறியிருக்க டோஸை இரட்டிப்பாக்கிவிட்டுப் போவார். இதற்காகவே எடெல்கால்செடைடு என்ற ஊசி இருக்கிறது, டயாலிசிஸ் முடியும்போது நர்ஸே போட்டுவிடுவார். 2017இல் இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டதில் பி.டி.எச். 30 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்கள் ஊசியில் 68 சதவீதம், மாத்திரையில் 58. குமட்டல்? ஊசியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அப்புறம் 3,883 பேர் கலந்துகொண்ட இவால்வ் ஆய்வு (2012), சினகால்செட் உயிரைக் காக்கிறதா என்று கேட்டது. முக்கியக் கணக்கில் தெளிவான பதில் வரவில்லை. கால்சிட்ரியாலையும் சினகால்செட்டையும் குறைந்த டோஸில் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு, ஒன்று ஏற்றும் கால்சியத்தை இன்னொன்று இறக்குமே.

இந்த மருந்துகளைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசும்போது பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை மறந்துபோகிறது. கால்சியம் அசிடேட்டும் கார்பனேட்டும் மலிவு, செவலமருக்குச் செலவு அதிகம் ஆனால் அதில் கால்சியம் இல்லை. கால்சியம் மேலே இருப்பவர், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருப்பவர் செவலமர் பக்கம் போவது நல்லது; மற்றவர்களுக்கு அளவாகக் கால்சியம் மாத்திரையே போதும். ஒன்றைக் கவனியுங்கள்: சாப்பாட்டின் நடுவே போட்ட கால்சியம் மாத்திரை உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். அதையே ராத்திரி படுக்கும்போது வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸைப் பிடிக்க அங்கே உணவே இல்லை, கால்சியம்தான் ரத்தத்தில் சேரும். "மாத்திரை தவறாமல் போடுறேன், பாஸ்பரஸ் 7க்குக் கீழே வரமாட்டேங்குது" என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்பதைத்தான்.

ரிப்போர்ட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியம் பொய் சொல்லும். கால்சியம் 7.6, ஆல்புமின் 2.8 என்றால், 4க்குக் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்ட வேண்டும், அப்படியானால் அது ஏறக்குறைய 8.6. சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியத்தைப் பார்த்துவிடலாம். பி.டி.எச்.-ஐயும் சாதாரண உச்ச அளவான 65க்குக் கொண்டுவரத் துடிக்க வேண்டாம்; டயாலிசிஸில் அதைப் போல் 2 முதல் 9 மடங்கு வரை, அதாவது தோராயமாக 130இலிருந்து 585 வரை விட்டுவைக்கிறார்கள். அதிகமாக நசுக்கினால் எலும்பு புதுப்பித்துக்கொள்வதையே நிறுத்திவிடும். டயாலிசிஸ் திரவத்தில் கால்சியம் 1.25ஆ, 1.5ஆ, 1.75ஆ என்று கேன் லேபிளில் இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியில் ஆபரேஷன். மருந்துக்கு அடங்காமல் பி.டி.எச். 800, 1000 என்று நின்று, கால்சியமும் மேலே, எலும்பு வலி, அரிப்பு என்று வந்துவிட்டால் இதைத் தள்ளிப்போடுவதில் லாபமில்லை. மூன்றரைச் சுரப்பிகளை எடுத்துவிடுவது ஒரு முறை, நான்கையும் எடுத்து ஒரு துண்டை முன்கையில் பதிப்பது இன்னொரு முறை. பி.டி.எச். ஒரே நாளில் விழும். அப்போது பல வருடம் பறிகொடுத்த எலும்பு பசியோடு கால்சியத்தை உறிஞ்சும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல், பி.பி. பட்டை இறுகும்போது கை மணிக்கட்டு மடங்கி விரல்கள் கூம்பிக்கொள்ளும். அந்த நாட்களில் கால்சியம் ட்ரிப்பும் கால்சிட்ரியாலும் தாராளமாக ஓடும், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது. முடிச்சு விழுந்த சுரப்பி, புதுச் சிறுநீரகம் வந்த பிறகும் பழக்கத்தை விடாது. அப்படிக் கால்சியம் ஏறிய 30 பேரிடம் ஸ்பெயினில் நடந்த சோதனையில் (2016) ஆபரேஷன் செய்த 15 பேருக்கும் கால்சியம் சரியானது, சினகால்செட் எடுத்த 15 பேரில் 10 பேருக்குத்தான். ஆனால் மாற்று அறுவைக்குப் பிறகு கழுத்தில் கை வைத்தால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கொஞ்சம் ஏறவும் கூடும். அதனால் மருந்துக்கு அடங்காத பி.டி.எச். இருந்தால், மாற்று அறுவைக்கு முன்பே கழுத்து ஆபரேஷனைப் பற்றி நெஃப்ராலஜிஸ்ட்டிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.