மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டில் நல்ல பிரெஞ்சு வெள்ளை ஒயின்: பல வருட அனுபவம்

மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டில்தான் பல வருடங்களாகப் பிரெஞ்சு வெள்ளை ஒயின் வாங்குகிறேன். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகப் பிடிபட்டது இதுதான்: பேர்போன ஊரின் மலிவான பாட்டிலைவிட, பேர் வாங்காத ஊரின் நல்ல பாட்டில் மேல். ஷாப்லி, சான்செர் என்று லேபிளில் இருந்தாலே விலையில் ஒரு பங்கு அந்தப் பெயருக்குப் போய்விடும். அதையும் அடிமட்ட விலைக்கு விற்க வேண்டுமென்றால், சரக்கின் தரத்தில்தான் கை வைப்பார்கள். வாசமும் அழுத்தமும் இல்லாத ஷாப்லியை இந்த அடுக்குகளில் நிறையவே பார்த்துவிட்டேன்.

அதே காசுக்கு நான் முதலில் கை நீட்டுவது முஸ்கடே. லுவார் ஆறு கடலை நெருங்கும் நாந்த் நகரைச் சுற்றி விளைவது. 1709-இன் கடுங்குளிரில் அந்தப் பகுதிக் கொடிகள் கருகிப்போன பிறகு, குளிர் தாங்கும் மெலோன் த பூர்கோன் என்ற திராட்சை அங்கே பரவியது. இன்றும் முஸ்கடேக்கு அதுதான் ஆதாரம். தனியாகப் பார்த்தால் வாசம் குறைந்த திராட்சைதான். ஆனால் லேபிளில் ‘சூர் லீ’ என்று இருந்தால் கதையே வேறு. நொதித்து முடிந்த ஒயினை அதன் ஈஸ்ட் வண்டலின் மேலேயே குளிர்காலம் முழுக்க விட்டு, பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். அதனால் வாயில் ஒரு திரட்சியும், லேசான ரொட்டி வாசமும், நாக்கில் மெல்லிய சுறுசுறுப்பும் கிடைக்கின்றன. முஸ்கடேயின் முக்கிய உட்பகுதியான ‘சேவ்ர் எ மேன்’ பெயரும் ‘சூர் லீ’யும் சேர்ந்திருந்தால் நான் யோசிப்பதே இல்லை. மட்டி, சிப்பி, மீன் எதற்கும் பொருந்தும்.

அடுத்தது கோத் த கஸ்கோன். இது தென்மேற்கு பிரான்சில் அர்மன்யாக் பிராந்தி காய்ச்சும் பகுதி. காய்ச்சுவதற்குப் புளிப்பு நிறைந்த திராட்சை வேண்டும் என்பதால் உக்னி பிளாங், கொலொம்பார் இரண்டும் அங்கே ஏராளம். பிராந்திக்குக் கிராக்கி குறைந்தபோது விவசாயிகள் அதே திராட்சையைப் புதுசாகக் குடிக்கும் வெள்ளை ஒயினாக மாற்றினார்கள். லேபிளில் ஏ.ஓ.சி. (ஊரையும் முறையையும் கண்டிப்பாக வரையறுக்கும் சான்று) இருக்காது, ஐ.ஜி.பி. (விதிகள் தளர்ந்த வட்டாரச் சான்று) என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துத் தாழ்வாக எண்ண வேண்டாம். விலை இறங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மூக்கருகே கொண்டுபோனதும் பம்ப்ளிமாஸ் வாசம் தூக்கும். ஒரே குறை, அந்த வாசம் சீக்கிரம் வடிந்துவிடும். சென்ற அறுவடையின் பாட்டில் கிடைத்தால் வாங்குங்கள், மூன்று வருடப் பழசென்றால் விட்டுவிடுங்கள்.

பிக்பூல் த பினே தெற்கே, தோ உப்பங்கழிக் கரையில் விளைவது. வெயில் காயும் ஊரிலும் புளிப்பு குறையாத திராட்சை. உயரமான பச்சைப் பாட்டிலை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். சான்செருக்குப் பதிலாக அதே சாவிஞோன் திராட்சையில் செய்த தூரேன் சாவிஞோனையும், விலை கூடிய பர்கண்டிக்குப் பதிலாக அதே பர்கண்டிப் பகுதியின் மாக்கோன்-வில்லாஜையும் எடுக்கலாம். அல்சாஸின் பினோ பிளாங்கும் நம்பகமானது. அதே அல்சாஸின் ரீஸ்லிங்கில் சில சமயம் இனிப்பு தட்டும், ‘செக்’ (இனிப்பில்லாதது) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

லேபிளின் முன்பக்கக் கோட்டைப் படத்தை நான் பார்ப்பதில்லை. ‘வியேய் வீன்’ என்ற பழங்கொடிப் பெருமைக்கும் சட்டப்படி வயது வரம்பு கிடையாது. அடியில் பொடி எழுத்தில் பாட்டிலில் அடைத்தவர் யார் என்று இருக்கும், அதைப் படியுங்கள். தோட்டத்திலேயோ உள்ளூர்க் கூட்டுறவிலேயோ அடைத்தது என்றால் நம்பிக்கை கூடும். கூட்டுறவு என்றால் மட்டம் என்பது தவறான எண்ணம். 1923-இல் தொடங்கிய ஷாப்லி ஊரின் கூட்டுறவான லா ஷாப்லிசியேன் ஒன்றே போதும் சான்றுக்கு. பதக்க ஸ்டிக்கர்களில் பாரிஸின் கொங்கூர் ஜெனரால் அக்ரிகோல் என்ற விவசாயப் போட்டி கொடுக்கும் ஓக் இலை முத்திரையை மட்டும் நான் பொருட்படுத்துகிறேன்.

இன்னொன்று, யாரும் அதிகம் சொல்லாதது. நிறமற்ற கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும் வெள்ளை ஒயின், கடை விளக்கு வெளிச்சத்திலேயே கெட்டுப்போகலாம். பழ வாசம் மங்கி, வெந்த முட்டைக்கோஸ் மாதிரி ஒரு நெடி வரும். மலிவு விலைக் கடைகளில் அட்டைப் பெட்டியோடு அடுக்கியிருப்பது இங்கே நமக்கு வசதி. அடிப்பெட்டியிலிருந்து, வெளிச்சம் படாத பாட்டிலாகப் பார்த்து எடுங்கள். பச்சைக் கண்ணாடி என்றால் கூடுதல் நிம்மதி.

இந்தக் கடைகளோடு எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல், பிடித்த பாட்டில் திடீரென்று காணாமல் போவது. வேறு லேபிளோடு வேறு சரக்கு வந்து நிற்கும். லேபிள் அதுவே என்றாலும் ஆண்டு மாறினால் சுவை மாறும். 2021-இல் ஏப்ரல் உறைபனியும் குளிர்ந்த கோடையும் சேர்ந்ததால் புளிப்பு தூக்கல். 2022 வெயில் ஆண்டு, அதனால் பலவற்றில் புளிப்பு தணிவு. ஆகவே ஒன்று வாங்கி அன்று மாலையே திறந்து பாருங்கள், பிடித்தால் மறுநாளே போய் மிச்சத்தை எடுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, 8 முதல் 10 டிகிரியில் குடித்தால்தான் வாசம் எழும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு முஸ்கடே சூர் லீ, ஒரு கோத் த கஸ்கோன் வாங்கி ஒரே மாலையில் அருகருகே ஊற்றிப் பாருங்கள். முதலாவது பிடித்தால் அடுத்து பிக்பூல், இரண்டாவது பிடித்தால் தூரேன் சாவிஞோன்.