ஓவியங்களின் முன் ஆறு வாரம்: மருத்துவர்களுக்கான ஒரு பயிற்சி பற்றி

ஓவியங்களைப் பார்க்க வைத்து மருத்துவர்களின் கண்ணைப் பழக்கும் பயிற்சி ஒன்றைப் போன மாதம் முடித்தேன். ஓர் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவு நடத்துகிறது. வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், மொத்தம் ஆறு வாரம். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் பயிற்சி மருத்துவர்கள், மீதிப் பேர் என்னைப் போல வருடக்கணக்காக வார்டில் இருப்பவர்கள். நான் பொது மருத்துவம், பதினான்கு வருடம். சேரலாமா என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நாள் ஓவியமே இல்லை. 2013-இல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினார்கள். நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தைச் செருகி, சிறு கட்டிகளைத் தேடச் சொல்லி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவில்லை. அது வழக்கமான கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. தவறவிட்டவர்களில் பெரும்பாலானோரின் கண் கொரில்லா இருந்த இடத்திலேயே பதிந்திருந்ததாகக் கண்ணின் அசைவைப் பதிவு செய்த கருவி சொன்னது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தேடுவது வேறு, பார்ப்பது வேறு என்பதை எந்த விரிவுரையும் எனக்கு இவ்வளவு உறைக்கிற மாதிரி சொன்னதில்லை.

இரண்டாம் வாரம்தான் பயிற்சியின் உயிர். லூக் ஃபில்ட்ஸ் 1891-இல் காட்சிக்கு வைத்த ‘மருத்துவர்’ ஓவியத்தின் பெரிய அச்சுப் பிரதி. பதினைந்து நிமிடம் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும், குறிப்பு எடுக்கக் கூடாது. மூன்றாவது நிமிடமே எனக்குப் பார்த்து முடித்துவிட்டது போல இருந்தது. ஏழை வீடு, படுத்துக் கிடக்கும் குழந்தை, தாடையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் மருத்துவர், பின்னால் இருட்டில் பெற்றோர். சரி, அப்புறம் என்ன? அந்த அப்புறத்தில்தான் விஷயமே இருந்தது. பத்து நிமிடம் தாண்டியபோது குழந்தை கட்டிலில் இல்லை, சேர்த்துப் போட்ட இரண்டு நாற்காலிகளில் கிடக்கிறது என்பது கண்ணில் பட்டது. அந்த இரண்டும் ஒரே ஜோடி நாற்காலிகள் அல்ல என்பது அதற்கும் பிறகு.

நேரம் முடிந்ததும் நடத்துநர் கேட்டார்: “இந்தப் படத்தில் என்ன நடக்கிறது?” நான் முந்திக்கொண்டு, “குழந்தை பிழைக்காது” என்றேன். அவர் மறுக்கவில்லை. “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். தொங்கும் கை, மேசையில் கவிழ்ந்த தாய் என்றேன். பக்கத்தில் இருந்த இளம் மருத்துவர், “ஜன்னலில் வெளிச்சம் வருகிறது. இரவெல்லாம் விழித்திருந்து அந்த அம்மா அசந்துவிட்டாள், அவ்வளவுதான். குழந்தை தேறிக்கொண்டிருக்கலாம்” என்றார். நான் சொன்ன அதே கை, அதே தாய்! ஓவியர் தன் மகனை 1877-இல் பறிகொடுத்தவர், அந்த மகனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரின் நினைவுதான் இந்தப் படத்துக்குத் தூண்டுதல் என்பதைக் கடைசியில்தான் சொன்னார்கள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் எல்லோரும் என் பதிலைத்தான் சொல்லியிருப்போம். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நோயின் பெயரைப் படித்துவிட்டுக் கட்டிலருகே போகும்போது நமக்கு நடப்பது இதுதான்.

“என்ன நடக்கிறது, எதை வைத்துச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது” என்ற இந்த மூன்று கேள்விகளும் நடத்துநர் சொந்தமாக உருவாக்கியவை அல்ல. அபிகெயில் ஹவுசனும் ஃபிலிப் யெனவைனும் அருங்காட்சியகப் பார்வையாளர்களுக்காக உருவாக்கிய முறை அது. இப்போது ரவுண்ட்ஸில் நான் ஜூனியர்களிடம் அதிகம் கேட்பது இரண்டாவது கேள்வியைத்தான். “மஞ்சள் காமாலை சார்” என்றால் “எங்கே பார்த்தாய்?” என்று கேட்கிறேன். கண்ணைப் பார்த்துச் சொன்னதா, ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துவிட்டுச் சொன்னதா என்பது அவர்களுக்கே அங்கே தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் வாரம் சுமாராகத்தான் போனது. ரெம்ப்ராண்ட் 1632-இல் வரைந்த ‘டாக்டர் டுல்பின் உடற்கூறு வகுப்பு’. சுற்றி நிற்கிறவர்களின் பார்வை ஆளுக்கொரு திசையில் போகிறது, அதை வைத்தே ஒரு மணி நேரம் பேசியிருக்கலாம். அன்றைக்கு வந்த வேறொரு நடத்துநர் அந்தக் கால வரலாற்றை விரிவுரையாக நடத்திவிட்டார். நாங்கள் பார்த்தது மொத்தம் ஐந்து நிமிடம்.

நான்காம் வாரத்தோடு எனக்கு உண்மையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. ஓவியங்களில் இருப்பவர்களுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. ரெம்ப்ராண்டின் ‘பத்சேபாள்’ ஓவியம், 1654. அதில் இடது மார்பில் தெரியும் குழியைப் பார்த்து மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஓவியத்துக்கு மாடலாக இருந்ததாகக் கருதப்படும் ஹென்ட்ரிக்யே ஸ்டோஃபெல்ஸ் 1663 வரை வாழ்ந்தார். பயனுள்ள சிகிச்சை இல்லாத காலத்தில் அந்த நோயோடு ஒன்பது வருடமா? நிழலாக இருக்கலாம், தூரிகையின் ஒரு இழுப்பாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்க்க முடியாத, ஊசி போட்டு உறுதி செய்ய முடியாத ஓர் உடம்புக்குப் போட்டி போட்டுக்கொண்டு நோய்ப் பெயர் சூட்டினோம். இரண்டாம் வாரம் அவ்வளவு பாடுபட்டுப் பழகிய நிதானம் அன்று கலைந்துவிட்டது. இந்த வகுப்பை எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் வாரம் பென்சில். தாளைப் பார்க்காமல், கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருப்பவரின் ஒரு விரலை வரைய வேண்டும். வரையத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம், படம் நன்றாக வருவது நோக்கமே இல்லை. ஆயிரக்கணக்கான கைகளில் நகம் பருத்திருக்கிறதா, அதாவது சில நோய்களில் விரல் நுனி தடித்து நகம் வளைந்துகொள்ளும் ‘கிளப்பிங்’ இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். நகமும் அதன் அடித்தோலும் சேரும் இடத்தில் 160 டிகிரி அளவில் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும், பருத்த விரலில் அது 180-ஐத் தாண்டிவிடும் என்று பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனால் பென்சில் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதுதான் அது எவ்வளவு சின்ன வளைவு என்று தெரிந்தது. அன்று முதல் நோயாளியின் விரலைப் பக்கவாட்டில், கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்துத்தான் பார்க்கிறேன்.

இதெல்லாம் வார்டில் உதவியதா? ஒன்று சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வராமல் சேர்ந்திருந்த ஒரு பெரியவர். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலை, உட்காராமல் கட்டில் ஓரம் ஒரு நிமிடம் சும்மா நின்றேன். கீழே கிடந்த செருப்பில் வலது கால் செருப்பின் முனை மட்டும் தேய்ந்து வாய் பிளந்திருந்தது. “ஐயா, கொஞ்சம் நடந்து காட்டுங்க” என்றேன். பாதம் தூக்க முடியாமல் தரையை உரசியது. “வயசாச்சு, அப்படித்தான் டாக்டர்” என்றார். முழங்காலுக்குக் கீழே நரம்பு பலவீனம். கேஸ் ஷீட்டில் கால்கள் இயல்பு என்று என் கையெழுத்தே இருந்தது. அவரைப் படுக்க வைத்து மட்டுமே சோதித்திருந்தேன்.

ஆனால் இந்த ஒரு கதையை வைத்து நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். 2001-இல் யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன் குழு இத்தகைய ஓவியப் பயிற்சி பற்றி எழுதிய கட்டுரை வந்ததிலிருந்து இந்தத் துறையில் ஆய்வுகள் நடக்கின்றன. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பென்சில்வேனியாவில் 36 முதலாண்டு மருத்துவ மாணவர்களில் 18 பேருக்கு இதே போல ஆறு வகுப்பு நடத்தினார்கள். அவர்கள் ஓவியங்களையும் விழித்திரைப் படங்களையும் விவரிப்பதில் மற்ற 18 பேரைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். அங்கே சோதித்தது படங்களை விவரிக்கும் திறமையைத்தான். நோயாளி ஒருவருக்குச் சரியான நோய் சீக்கிரம் பிடிபடுகிறதா என்பது வேறு கேள்வி.

பெரிய குறை ஒன்று உண்டு. ஆறு வாரமும் பார்த்தவை பெரும்பாலும் ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்கள், வெளிர் தோல். அதில் சிவப்பு பளிச்சென்று தெரியும். கருந்தோலில் அழற்சி ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும், சோகையை இமைக்குள்ளும் நாக்கிலும்தான் தேட வேண்டும். கண்ணைப் பழக்குகிறோம் என்று சொல்லும் பயிற்சி ஒரே நிறத்தில் பழக்கினால் ஒரு பாதிக் கண்ணைத்தான் பழக்குகிறது. இது எனக்கு மனசு ஆறாத விஷயம், கேட்காமல் விடவில்லை. படத் தொகுப்பை மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறாம் வாரம் நோயாளிகளின் புகைப்படங்களை வைத்து நடந்தது. அதையே வார்டில், சம்மதம் வாங்கி, ஒரு நோயாளியின் அருகில் நடத்தியிருக்க வேண்டும். ஓவியம் திரும்பிப் பார்ப்பதில்லை, நோயாளி பார்ப்பார். பதினைந்து நிமிடம் ஒருவரைக் கூச வைக்காமல் எப்படிப் பார்ப்பது என்பதை இங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சி மருத்துவர்கள் தயங்காமல் சேருங்கள். சீனியர்களுக்கு இரண்டாம், ஐந்தாம் வாரங்கள் கட்டாயம். தனி வகுப்பாகவும் சேரலாம் என்கிறார்கள். அடுத்த குழுவின் பென்சில் வகுப்புக்கு என் பெயரை மறுபடி கொடுத்திருக்கிறேன், இந்த முறை விரல் இல்லை, கால் பாதமாம்.