குண்டுமல்லியா, முல்லையா, பிச்சியா: எதை நடுவது?

மூன்றும் மல்லிகை இனந்தான். மூன்றுமே புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும். அதனால் கவாத்து (கிளையை வெட்டிவிடுவது) செய்யாத செடி கொடியாக ஓடும், பூ குறையும். வெட்டும் மாதம் மட்டும் வேறு: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு, பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி, 45 செ.மீ. உயரத்தில். பொங்கல் கழிந்து எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டினால் குண்டுமல்லியின் முதல் பூப்பு தள்ளிப்போகும்.

மாடித் தொட்டிக்குக் குண்டுமல்லியை விட்டால் வேறு வழியில்லை என்றே சொல்லலாம். புதராக அடங்கி நிற்கும். மார்ச் முதல் பூக்கும். வெயில் ஏற ஏற மொட்டு திரளும். தினம் ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும், நிழலில் வெறும் இலைதான். தோட்டத்தில் 1.25 மீட்டர் இடைவெளி போதும். ஆண்டுக்குச் செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழுவுரம். அதோடு யூரியா 130, சூப்பர் பாஸ்பேட் 750, பொட்டாஷ் 200 கிராம். இதைப் பாதிப் பாதியாகக் கவாத்து முடிந்ததும் ஒருமுறை, ஜூன்–ஜூலையில் ஒருமுறை வைக்க வேண்டும். தொட்டிக்கு இந்த அளவு ஆகாது, செடி கருகிவிடும்.

இதில் அதிகம் கேட்கப்படும் புகார் மஞ்சள் இலை. நரம்பு பச்சையாக இருந்து, இளம் இலை மட்டும் வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. உப்பு ஏறிய போர்த் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும்தான் பெரும்பாலும் காரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, இலை தேறும் வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்தால் மொட்டுப்புழு. அந்த மொட்டுகளை உடனே பறித்து அழிக்க வேண்டும்.

பிச்சி (ஜாதிமல்லி என்பதும் இதுதான்) ஜூனில் தொடங்கி நவம்பர் வரை பூக்கும், அதாவது குண்டுமல்லி ஓயும் காலத்துக்கும் பூ இருக்கும். கொடி நீளம், வரிசைக்கு 2 மீட்டர், செடிக்கு 1.5 மீட்டர் விட வேண்டும். தொட்டி வேண்டாம். தொடுக்க மொட்டாகப் பறிக்கலாம். நறுமண ஆலைக்கு விற்பதானால் விரிந்த பூவை விடியற்காலையில் பறிப்பதே முறை.

முல்லைக்கு 1.5 மீட்டர் இடைவெளி. இலையில் வெள்ளைப் பஞ்சு போலப் படர்ந்தால் அது சிலந்திப்பேன் வேலை: கிளையை வெட்டி எரித்துவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கவும், உச்சி வெயிலில் கூடாது. அந்தத் தொல்லை உள்ள ஊரில் பரிமுல்லை ரகமே நல்லது, அது தாங்கும்.

குண்டுமல்லி நாற்றுக்குப் பெயர்போன இடம் ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம். எங்கே வாங்கினாலும் ஒன்றிரண்டை மண் உதிர்த்து வேரைப் பார்த்துவிடுங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த நாற்றுக் கட்டே வேண்டாம்.