நெட் போனாலும் விளக்கு எரிகிறது: ஹோம் அசிஸ்டன்ட், ஒன்றரை வருடம் கழித்து

மொபைலில் நான் தட்டுவது எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய்த் திரும்பி வந்துதான் இரண்டடி தள்ளியிருக்கும் பல்பை அணைக்கிறது என்பது, அந்தக் கம்பெனி சர்வரை மூடிய அன்றுதான் உறைத்தது. பல்பு நன்றாகத்தான் இருந்தது, ஆப்தான் செத்துப்போனது.

அப்புறம்தான் ஹோம் அசிஸ்டன்ட். 2013-இல் பாவ்லஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய, வீட்டுச் சாதனங்களை வீட்டுக்குள்ளிருந்தே இயக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், இலவசம். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் போட்டு, ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறையில் பேசும் ஒரு யுஎஸ்பி டாங்கிளைச் செருகினால் பல்பு, பிளக், கதவு சென்சார் எல்லாம் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். சந்தேகம் தீர நெட் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தேன், ஆள் நடந்ததும் படிக்கட்டு விளக்கு எரிந்தது.

இவ்வளவு சுலபமாக முதல் வாரம் போகவில்லை. சென்சார்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, நானும் சென்சார் செய்தவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் தப்பு என்னுடையது: டாங்கிளை நேராக யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகியிருந்தேன், அந்தப் போர்ட் கிளப்பும் இரைச்சல் ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வந்து விழுகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வைத்ததும் சரியாகிவிட்டது. இன்னொன்று, கரண்டில் ஓடும் பிளக்குகள் பொதுவாக சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும், பேட்டரி சென்சார்கள் கடத்தாது. அதனால் முதலில் பிளக் வாங்குங்கள், சென்சார் அப்புறம்.

ராஸ்பெர்ரி பையில் போடும் மெமரி கார்டை நம்பாதீர்கள். ஹோம் அசிஸ்டன்ட் எந்நேரமும் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே இருப்பதால் தேய்ந்துவிடும். என்னுடையது எட்டாவது மாதம் போனது, பேக்கப்பும் அதே கார்டில் (சிரிக்க வேண்டாம்). இப்போது எஸ்எஸ்டி.

கேமராவுக்கு ரவுட்டரிலேயே வெளி இணையத்தை அடைத்துவிட்டு, பதிவை ஃப்ரிகேட் என்ற கேமரா மென்பொருளிடம் கொடுத்திருக்கிறேன். அது ஆள் எது, பூனை எது என்று பிரித்துப் பார்க்க ராஸ்பெர்ரி பை மட்டும் இருந்தால் திணறும், கொஞ்சம் பலமான கம்ப்யூட்டர் வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்க வயர்கார்ட் என்ற விபிஎன் (வீட்டுக்குப் பூட்டிய தனிப் பாதை) போதும், ரவுட்டரில் ஹோம் அசிஸ்டன்ட்டின் போர்ட்டை (இணையத்திலிருந்து அதற்குள் வரும் வாசல்) அப்படியே திறந்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

மாதாமாதம் புது வெர்ஷன் வரும். எது மாறியிருக்கிறது என்று படிக்காமல் அப்டேட் போட்டால் ராத்திரி வேலை நிச்சயம், அதற்குக் கஸ்டமர் கேரும் நீங்கள்தான். சுவர் ஸ்விட்சுகளை நான் கழற்றவே இல்லை, வீட்டில் யாரும் இதைப் பற்றிப் புகார் சொல்லாததற்கு அது ஒன்றுதான் காரணம் என்று நினைக்கிறேன்.